ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் புள்ளி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு 29 வயது, முதல் பிள்ளை, 20 கிழமை. தனியார் நிலையம் ஒன்றில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில், சிசுவின் இதயத்தின் இடது கீழறையில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிவதாக எழுதியிருக்கிறதாம். மற்ற உறுப்புகள் எல்லாம் இயல்பாக இருக்கின்றன. 12ஆம் கிழமை ஸ்கேனிலும் குறை எதுவும் சொல்லப்படவில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்தவர்கள் விளக்கம் எதுவும் தரவில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது டவுன் சிண்ட்ரோம் என்று வந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் சொந்த மச்சான் மச்சாள். மாமியோ, கிரகணத்தன்று மகள் வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதுகொண்டிருக்கிறார். பிள்ளைக்கு என்ன, நாங்கள் என்ன பிழை விட்டோம், இனி என்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எந்தக் குறையும் இல்லாமல் அந்தப் புள்ளி தனித்து இருந்தால் அது ஒரு நோயே இல்லை. இதயத்தில் ஓட்டை என்று அதற்குப் பொருளில்லை. மருந்து வேண்டாம், சத்திரசிகிச்சை வேண்டாம், பிறந்த பிறகு பிள்ளையின் ஓட்டத்தையோ விளையாட்டையோ அது தடுக்கப்போவதும் இல்லை. இன்றிரவு நீங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்ளலாம்.

கொழும்பில் கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்குகளில் 24 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் நான். ஸ்கேன் அறிக்கை இருக்கிற அந்தக் காகித உறையைப் பிடித்துக்கொண்டு வருகிற கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். உறையின் ஓரம் வியர்வையில் நனைந்து சுருண்டிருக்கும். கணவர்தான் அதை மேசையில் வைப்பார். மனைவி அதைப் பார்க்க மாட்டார், சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த உறைக்குள் இருப்பது பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற ஒரு வரிதான். யாராவது ஐந்து நிமிடம் எடுத்து விளக்கியிருந்தால் அந்த வீட்டில் மூன்று நாள் அழுகை இருந்திருக்காது.

அந்தப் புள்ளி எதனால் வருகிறது? இதயத்தின் வால்வுகளை மெல்லிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நார்கள் கீழறைச் சுவரில் உள்ள சிறு தசைகளிலிருந்து புறப்படுகின்றன. அப்படி ஒரு தசைக்குள் துளியளவு கல்சியம் படிந்தால், ஸ்கேனின் ஒலி அலை அதில் பட்டு, எலும்பில் பட்டதுபோலப் பளிச்சென்று திரும்பி வரும். சாம்பல் நிறத் திரையில் இதயம் துடிக்கத் துடிக்க, மாக்கோலத்தில் வைத்த ஒற்றைப் புள்ளி போல அது மேலும் கீழும் ஆடுவது தெரியும். 100 சிசுக்களில் 3 முதல் 5 வரை இப்படி இருக்கும். ஆசியத் தாய்மாரின் சிசுக்களில் இது இன்னும் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் மனைவி படுத்த அதே கட்டிலில் அந்த மாதம் படுத்த மற்றத் தாய்மாரிலும் சிலருக்கு இதே வரி எழுதப்பட்டிருக்கும்.

பிறகு ஏன் டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் வந்தது? 1990களில், அந்த நிலையுள்ள சிசுக்களில் இந்தப் புள்ளி சற்று அடிக்கடி தெரிவதைக் கவனித்து, இதையும் ஓர் ‘அடையாளம்’ என்று பட்டியலில் சேர்த்தார்கள். பிற்பாடு பல ஆயிரம் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, புள்ளி மட்டும் தனியாக இருந்தால் அது முன்பிருந்த சாத்தியத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை என்று தெரிந்தது. இணையத்தில் பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒன்றாகவே கிடக்கின்றன. பயந்தவர் கண்ணில் பழையதுதான் முதலில் படும்.

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருக்கும் நிலை. 1959இல் பாரிசில் ஜெரோம் லெஜூனும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை அறிவித்தார்கள். மிகப் பெரும்பாலும் இது முட்டையோ விந்தோ உருவாகும்போது நிறமூர்த்தங்கள் பிரிவதில் தற்செயலாக நேரும் பிசகு. தாயின் வயது கூடக் கூட இதன் சாத்தியமும் கூடும். 20 வயதில் ஏறத்தாழ 1,500 பிறப்புக்கு ஒன்று, 29இல் ஆயிரத்துக்கு ஒன்று, 35இல் 350க்கு ஒன்று, 40இல் நூறுக்கு ஒன்று. உங்கள் மனைவியின் வயதில் ஆயிரம் தாய்மாரில் 999 பேருக்கு இது இல்லை.

வயதை மட்டும் வைத்துக் கணக்கிடுவதைவிட நுட்பமான கணக்கு 11ஆம் கிழமைக்கும் 14ஆம் கிழமைக்கும் இடையில் கிடைக்கிறது. சிசுவின் பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து, தாயின் குருதியில் இரண்டு பொருட்களின் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பாதிக்கப்பட்ட 100 சிசுக்களில் 85 முதல் 90 வரை இதில் பிடிபடும். உங்கள் 12ஆம் கிழமை ஸ்கேனில் அந்தப் பிடரி அளவு எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா? இன்றைய வெள்ளைப் புள்ளியைவிட அந்த எண் பல மடங்கு கூடுதலாகப் பேசும். அது எழுதப்பட்டு, இயல்பு என்று இருந்தால் நான் இதற்கு மேல் எதையும் தேடச் சொல்ல மாட்டேன்.

அது எழுதப்படவில்லை, மனமும் அமைதிப்படவில்லை என்றால் தாயின் கையில் குருதி எடுத்துச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. 10ஆம் கிழமைக்குப் பிறகு எப்போதும் செய்யலாம். தாயின் குருதியில் சிசுவின் டிஎன்ஏ மிதப்பதை டெனிஸ் லோ 1997இல் கண்டறிந்து எழுதிய பிறகு வளர்ந்த முறை இது. டவுன் நிலையுள்ள 100 சிசுக்களில் 99ஐ இது கண்டுபிடிக்கும். இந்த ‘99’ என்ற எண்ணைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஆகையால் ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் மனைவியின் வயதில் 10,000 தாய்மாரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருடைய சிசுவுக்கு டவுன் நிலை இருக்கும். பரிசோதனை அந்த 10 பேரையும் பிடித்துவிடும். ஆனால் நலமாக இருக்கிற சிசுக்களில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாக ‘ஆம்’ என்று காட்டுகிறது என்று வைத்தால், இன்னும் 10 பேருக்குப் பிழையான ‘ஆம்’ வரும். ‘ஆம்’ வந்த 20 பேரில் பாதிப் பேரின் பிள்ளை நலமாகவே இருக்கிறது! பிழையான ‘ஆம்’ வருவதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த டிஎன்ஏ நச்சுக்கொடியிலிருந்து வருகிறது, நேரடியாகச் சிசுவின் உடலிலிருந்து வருவதில்லை. ஆகவே ‘இல்லை’ என்று வந்தால் பெரிய நிம்மதி. ‘ஆம்’ என்று வந்தால், 15ஆம் கிழமைக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்து உறுதிப்படுத்தும் வரை அதை முடிவாக எடுக்கவே கூடாது. அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து அனுபவமுள்ள கைகளில் 200க்கு ஒன்றிலும் குறைவு. குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. வெறும் வெள்ளைப் புள்ளிக்காக அந்த ஊசியைக் குத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே வகையைச் சேர்ந்த வேறு வரிகளும் உண்டு. மூளையின் நீர் சுரக்கும் பின்னலில் சிறு நீர்க்கொப்புளம் என்று எழுதியிருக்கும். தனித்து இருந்தால் அது பெரும்பாலும் 28ஆம் கிழமைக்குள் தானே மறைந்துவிடும். சிறுநீரகத்தின் நடுக்குழி 4 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்திருக்கிறது என்று எழுதினால், 32ஆம் கிழமை அளவில் திரும்பப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை சரியாகிவிடும், விரிவு தொடர்ந்தால் பிறந்த பிறகு பிள்ளைக்கு ஒரு ஸ்கேன் செய்வார்கள்.

இனி மச்சான் மச்சாள் விடயம். மாமன் மகளையோ மாமி மகளையோ கட்டுவது நமக்குள் நெடுநாள் வழக்கம். அதைச் சொல்லி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. உறவில்லாத தம்பதியருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்கு ஏதாவதொரு பிறவிக் குறைபாடு இருக்கும். சொந்த மச்சான் மச்சாளுக்கு அது 4 முதல் 6 வரை ஆகிறது. கூடுகிறது என்பது உண்மை. 94 முதல் 96 பேர் வரை அப்படிக் குறை இல்லாமல் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. வெள்ளைப் புள்ளிக்கும் டவுன் நிலைக்கும் இந்த உறவோடு எந்தத் தொடர்பும் இல்லை.

உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுவது வேறு வழியில். தாத்தா பாட்டி வழியே வந்த ஒரே பழுதான மரபணு உங்கள் இருவரிடமும் சத்தமில்லாமல் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரும் சாத்தியம் உண்டு. நம் நாட்டில் இதில் முதலில் கேட்க வேண்டியது தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய். பெரிய தலசீமியா உள்ள பிள்ளைக்கு மாதா மாதம் குருதி ஏற்ற வேண்டும், சேரும் இரும்பை அகற்ற நாள்தோறும் மருந்து வேண்டும், இது வாழ்நாள் முழுவதும் தொடரும். குருநாகலில் இதற்கென்று தேசிய நிலையமே இருக்கிறது. நோயைக் கடத்துபவர்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காது, சாதாரணக் குருதிப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருப்பதுதான் முதல் தடயம். உங்கள் மனைவியின் கிளினிக் அட்டையில் குருதி அறிக்கை இருக்கும். சிவப்பணுவின் அளவு குறைந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களும் ஒரு முறை குருதி கொடுங்கள். இருவரில் ஒருவருக்கு இல்லை என்றால் பிள்ளைக்குப் பெரிய தலசீமியா வராது.

மாமியிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். உங்கள் இரு குடும்பத்திலும் பிறந்து சில நாளில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளைகள் உண்டா? பிறவியிலேயே காது கேளாதவர்கள், அடிக்கடி குருதி ஏற்றியவர்கள், திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்கள்? இந்தக் கதைகளைப் பெரியவர்கள்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அப்படி ஏதாவது இருந்தால், கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. அங்கே குடும்ப மரத்தை வரைந்து ஆலோசனை சொல்வார்கள்.

மாமி அழுவது அன்பினால்தான். ஆனால் அந்தச் சொல் உங்கள் மனைவியின் மனத்தில் தைத்துவிடும், அதனால்தான் இதைப் பற்றி இன்னும் சொல்கிறேன். ஒரு சந்திர கிரகணம் பூமியின் பாதிப் பகுதிக்குத் தெரியும். அந்த இரவில் கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் அதன் கீழே நடமாடுகிறார்கள். கிரகணத்தோடு எல்லோரும் முடிச்சுப் போடுகிற உதட்டுப் பிளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலுதடு இணைவது கரு உண்டான 7ஆம் கிழமைக்குள் முடிந்துவிடுகிறது. பரம்பரை, சில மருந்துகள், புகைத்தல் போன்றவற்றுக்கு அதில் பங்குண்டு. வானத்துக்குப் பங்கில்லை. கிரகணம் என்று சொல்லிக் கர்ப்பிணியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பல மணிநேரம் இருட்டறையில் அடைத்து வைப்பதுதான் கெடுதல்.

சிசுவை உண்மையில் பாதித்தவை எவை என்று நமக்குத் தெரியும். 1941இல் அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர், கண்புரையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். இலங்கை 1996இல் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. வீடு வீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களின் கால் வலிக்குக் கிடைத்த பரிசு அது, எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது.

ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். மூளையும் முள்ளந்தண்டு வடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனதை ஒரு பெண் கவனித்து, இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று இருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடும். அதனால் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கும் குளிசை முள்ளந்தண்டுப் பிளவைத் தடுக்கப் பெரும்பாலும் பிந்திவிடுகிறது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் நாளிலிருந்தே, குறைந்தது ஒரு மாதம் முன்பாக, நாளுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும். தாய்க்கு நீரிழிவோ வலிப்பு நோயோ இருந்தால் வைத்தியர் கூடுதலான அளவு தருவார். வலிப்புக்கு வல்புரோயேட் எடுப்பவர்களும் நீரிழிவு கட்டுப்படாதவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரைப் பார்த்தாக வேண்டும். வல்புரோயேட்டைத் தாமாக நிறுத்தவும் கூடாது. உங்கள் அடுத்த பிள்ளைக்கும், இன்னும் கல்யாணம் ஆகாத தங்கைமாருக்கும் இதை நினைவில் வையுங்கள்.

சரி, புள்ளியாக இல்லாமல் உண்மையான குறைபாடே தெரிந்தால்? உங்களுக்கு அது இல்லை. ஆனாலும் இதை வாசிக்கிற வேறொரு தாய்க்காக எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். 22ஆம் கிழமை ஸ்கேனில், இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய நாடிகள் இடம் மாறியிருப்பது தெரிந்தது. அப்படிப்பட்ட பிள்ளை கருப்பைக்குள் நன்றாகவே வளரும். பிறந்த பிறகு, நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் சிறு குழாய் மூடத் தொடங்கும்போதுதான் நீலம் பாரிக்கும். முன்கூட்டித் தெரிந்ததால் அந்தத் தாயைக் கொழும்பிலேயே பிரசவிக்க வைத்தோம். பிள்ளை அழுத கையோடு, அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் மருந்து தொப்புள் நாளத்தில் ஏறியது. இரண்டாம் கிழமையில் நாடிகளை இடம் மாற்றித் தைத்தார்கள். வெட்டுக்காயம் மார்பில் என் சுட்டுவிரல் நீளத்துக்கு இருந்தது. அந்தப் பிள்ளை பாடசாலைச் சீருடையோடு வந்து என் மேசையில் ஒரு பால் டொபியை வைத்துவிட்டுப் போன நாளை நான் மறக்கவில்லை. ஸ்கேன் இல்லாமல் அந்தப் பிள்ளை தூரத்து ஊரில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் இதய சத்திரசிகிச்சை இலவசமாக நடக்கிறது. குடல் வெளியே தெரிவது, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. வளைந்த பாதத்தைக் கிழமைக்கொரு மாக்கட்டு மாற்றியே பெரும்பாலும் நேராக்கிவிடுகிறார்கள்.

வழியில்லாதவையும் உண்டு. மண்டையோடும் மூளையும் உருவாகாத சிசு பிழைக்காது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை, 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிழைக்க முடியாத சிசுவுக்கும் விலக்கு இல்லை. அந்தச் செய்தியோடு மீதி மாதங்களைச் சுமந்த தாய்மாரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது கொடுமையான காத்திருப்பு. சட்டம் அவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நம்புகிறேன். அதுவரை, மறைவான இடங்களுக்குப் போய்த் தாயின் உயிரையும் இழக்காதீர்கள். கிளினிக்கைக் கைவிடாதீர்கள். பிள்ளையை ஒரு முறை கையில் ஏந்திப் பெயர் வைத்து அனுப்ப ஆசைப்பட்டால், அதையும் வைத்தியரிடம் முன்பே சொல்லலாம்.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். இந்தப் புள்ளியைப் பற்றிய கவலையில் அடுத்த இருபது கிழமைக்கான கவனம் சிதறக்கூடாது. சீனி அளவு, இரத்த அழுத்தம், சிசுவின் வளர்ச்சி ஆகிய மூன்றும் புள்ளியைவிடப் பல மடங்கு முக்கியமானவை. 24 முதல் 28ஆம் கிழமைக்குள் குளுக்கோசு குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். தாயின் குருதி வகை நெகட்டிவ் என்றால் 28ஆம் கிழமை அளவில், தாயின் உடல் பிள்ளையின் குருதியை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். 28ஆம் கிழமைக்குப் பிறகு பிள்ளையின் அசைவுக்கு ஒரு வழக்கம் வந்துவிடும். மனைவி இடது பக்கமாகப் படுத்து, கையை வயிற்றில் வைத்து, அந்த வழக்கத்தைப் பழகிக்கொள்ளட்டும். அசைவு குறைந்தது என்று தோன்றினால் சீனித் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் முச்சக்கர வண்டியைப் பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படவும் வேண்டாம், மறுநாள் மீண்டும் குறைந்தால் மீண்டும் போங்கள்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: புள்ளி தனித்ததா, இதயத்தின் நான்கு அறைகளும் வெளியேறும் இரண்டு நாடிகளும் தெளிவாகத் தெரிந்தனவா, 12ஆம் கிழமைப் பிடரி அளவு எவ்வளவு, எங்கள் இருவரின் சிவப்பணு அளவு என்ன. தமிழில் விளக்கம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், மொழி தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும் கிளினிக் அட்டைக்குள் செருகி வையுங்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிப்போங்கள். வைத்தியர் சொல்லும்போது அவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.